எட்டாவது மேசை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதைத் தென்காசிக்காரர்கள் இரண்டு அடையாளங்களை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். ஒன்று, மேற்கே மலையில் மேகம் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் முகத்தில் சாரல் தெறிக்கும். மற்றொன்று, ஊருக்குள் இருக்கும் மகளிர் பருவநல ஆலோசனை மையத்தின் கதவில் பூட்டுத் தொங்கும். பூட்டுக்குக் கீழே, சாரல் காலம் முடியும்வரை மையம் குற்றாலத்தில் இயங்கும் என்று ஓர் அட்டையும் தொங்கும்.

எதற்காக இந்த இடமாற்றம் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது இயக்குநர் பால்வண்ணநாதன் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார். கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பது நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு, நிதானத்துக்குக் குளிர்ச்சி வேண்டும், குளிர்ச்சி குற்றாலத்தில்தான் இருக்கிறது. யாருக்குக் குளிர்ச்சி என்று பத்திரிகைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் அன்று குளிக்கத்தான் வந்திருந்தார்.

இந்தச் சீசனில் மெஹர் பானு முதல் தடவை மையத்துக்குப் போனது நல்ல சாரல் நாளில். அது அவள் செய்த தப்பு.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கணவன் சேக் மைதீன் சவூதியின் தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். பெரியவள் மாஜிதா கல்லூரிக்குப் போகிறாள். சின்னவன் ஹுஸைஃபாவுக்கு ஐந்து வயது. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து யாராவது புருவத்தை உயர்த்தினால், "மையத்துல கேட்டுட்டுத்தான் பெத்தேன்" என்பாள் மெஹர் பானு. உண்மைதான். அப்போது மையத்தில் இருந்த ஒருவர், "நாற்பதை நெருங்கியாச்சு, இனிமே என்ன ஆகப் போவுது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஆனது ஹுஸைஃபா. அவன் வயிற்றில் இருந்தபோது ரத்த அழுத்தம் ஏறி, பாளையங்கோட்டையில் மாதக்கணக்காகக் கட்டிலோடு கிடந்தாள். பிள்ளையும் தாயும் பிழைத்ததே பெரிது. இன்னொரு தடவை உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்பது மெஹர் பானுவுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் சேக் மைதீன் போனில் பேசினான். "டிக்கெட் போட்டாச்சு பானு. அடுத்த மாசம் மொத வெள்ளி நம்ம பள்ளியிலதான் ஜும்மா. என்னத்த வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்றாள். மனசார ஆசையாகத்தான் சொன்னாள். போனை வைத்ததும் பயம் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சுக்குள் இருந்தது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

அதனால்தான் பஸ் ஏறிக் குற்றாலம் போனாள். மையம் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. கதவு திறந்திருந்தது, மின்விசிறி சுற்றியது, ஆள்தான் இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில், "பருவமறிந்து பயன்பெறுவீர்" என்ற துணிப் பதாகையின் மேல் ஏழெட்டு ஈரத் துண்டுகள் காய்ந்தன. காவலுக்கு இருந்த இசக்கிராஜா வடை தின்றுகொண்டிருந்தான்.

"சார்மாரு எல்லாம் எங்கன?"

"அருவிக்குப் போயிருக்காவ."

"எப்பம் வருவாவ?"

இசக்கிராஜா மலையைப் பார்த்தான். "தண்ணி சொகமா விழுது. இன்னைக்கு வர மாட்டாவ. நீங்க தடை போட்ட அன்னைக்கு வாங்க அக்கா. மேல காட்டுல பெருமழை பெய்ஞ்சி, வெள்ளம் வந்து, குளிக்கக் கூடாதுன்னு போலீஸ் கயிறு கட்டிட்டாம்னா, எல்லாரும் சீட்டுல இருப்பாவ. வேற எங்கன போவாவ?"

வந்த கூட்டமெல்லாம் அருவியில் தண்ணீர் அளவாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, மெஹர் பானு ஒருத்தி மட்டும் ஐந்து வேளைத் தொழுகையிலும் வெள்ளம் வர வேண்டும் என்று துஆ கேட்டாள். யாருக்கும் சேதம் வராத அளவுக்கு என்று கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் செய்தி வந்தது, மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் குளிக்கத் தடை. மெஹர் பானு தோசைக் கரண்டியை மாஜிதா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

இசக்கிராஜா சொன்னது பொய்யில்லை. மையம் நிரம்பி வழிந்தது. கூடத்தில் ஏழு மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் சந்தன நிறப் பலகையில் ஒரு பெயர், பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பால்வண்ணநாதன் தமிழ்ப் பற்றாளர். பெண்ணின் வாழ்க்கைப் பருவத்துக்கு ஏற்ற கருத்தடை முறையைப் பரிந்துரைக்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தபோது, பருவம் என்ற சொல்லைக் கண்டதுமே அவர் உள்ளம் பூரித்துவிட்டது. புலவர்கள் என்றைக்கோ வகுத்துத் தந்த ஏழு பருவம் இருக்க, டெல்லிக்காரன் வகுப்பது எதற்கு என்று தச்சரை வரவழைத்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் சின்னச் சிக்கல் ஒன்று இருந்தது. முதல் மூன்று பருவமும் பாவாடை கட்டிய சிறுமிகள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய அவர்களுக்கு இந்த இடத்தில் எந்த வேலையும் கிடையாது. அதைச் சுட்டிக்காட்டிய கணக்கரிடம் பால்வண்ணநாதன், "மரபில் கை வைக்க நமக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த மூன்று மேசைகளும் யாரும் வராத மேசைகளாக நிலைபெற்றன. பணிமூப்பு உள்ளவர்கள் அவற்றுக்குச் சிபாரிசு பிடித்து மாற்றல் வாங்கி வந்தார்கள். பேதை மேசைக்காரர் அன்று குறுக்கெழுத்துப் போட்டியில் முழுகியிருந்தார்.

மற்ற மேசைகளில் வேலை நடந்தது. மேசைக்கு ஒரு விடை என்பது அங்கே விதி. அரிவை மேசையில், "முதலில் ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு வாருங்கள்." தெரிவை மேசையில், "ஒன்று போதாது, இன்னொன்று பெற்றுக்கொண்டு வாருங்கள்." பேரிளம்பெண் மேசையில், "ஆபரேஷன்." அவ்வளவுதான். மெஹர் பானுவுக்கு முன்னால் நின்ற கடையத்துப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அவளையும் அரிவை மேசைக்காரர் முதலில் ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு வரச் சொன்னார்.

"சார், ரெண்டு இங்கன இருக்கே" என்று அவள் இரண்டையும் தூக்கிக் காட்டினாள்.

"அது உங்க சொந்த விஷயம்மா. நான் பருவத்தை வச்சுதான் சொல்ல முடியும்."

மெஹர் பானு வரிசையில் நகர்ந்து பேரிளம்பெண் மேசைக்கு வந்தாள். அங்கே இருந்தவர் உமாசங்கர். கழுத்தில் இன்னும் துண்டு கிடந்தது. மழை குறையும் என்ற நம்பிக்கையை அவர் கைவிடவில்லை.

"வயசு?"

"நாப்பத்தொண்ணு."

உமாசங்கர் நிமிர்ந்து பார்த்தார். "நாப்பதுக்கு மேலயா? அப்படின்னா நீங்க கிடையாதே."

"என்ன சார், கிடையாதா?"

"பேரிளம்பெண் நாப்பதோட முடிஞ்சுபோகுதும்மா. அதுக்கு மேல பருவம் இல்ல. பருவம் இல்லாட்டி மேசை இல்ல. மேசை இல்லாட்டி..." அவர் கையை விரித்தார். "ஆதார்ல ஒரு ரெண்டு வயசு குறைச்சுட்டு வாங்களேன். கூட்டுறதுதான் கஷ்டம், குறைக்குறது லேசு."

"என் வயித்துக்கு ஆதாரைப் படிக்கத் தெரியாதே சார்" என்றாள் மெஹர் பானு. "அவுக அடுத்த மாசம் வாராவ. எனக்குப் பிரஷர் இருக்கு. போன தடவையே மண்ணுக்குப் போக வேண்டியவ, தப்பி வந்துருக்கேன். என்ன முறை எனக்கு ஒத்துக்கிடும்னு சொல்லுங்க, அது போதும்."

"கணவர் வெளிநாடா?" உமாசங்கரின் முகம் தெளிந்தது. "பிறகு எதுக்கும்மா முறை? அவர் ஊர்ல இல்லாத வரைக்கும் அதைவிடப் பாதுகாப்பான முறை உலகத்துலயே கிடையாது."

"வாராவன்னுதானே சார் சொல்லுதேன்."

"வந்தப்புறம் வாங்க."

மெஹர் பானுவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றாள். உமாசங்கர் ஒரு சுமையை இறக்கியவராக மாடிப்படியைக் கைகாட்டினார்.

பால்வண்ணநாதன் அவளை உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன. இவராவது ஆதங்கப்படுகிறாரே என்று மெஹர் பானு நினைத்தாள். அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்று மலையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் கொண்டுவந்திருப்பது சாதாரணப் பிரச்சினை அல்ல. மரபில் உள்ள வெற்றிடம். நாற்பதுக்கு மேல் பெண் என்ன ஆகிறாள்? புலவர்கள் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? இந்த மையத்துக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கிறது. பணி நீட்டிப்புக்கு எழுதும்போது என்ன சாதித்தாய் என்று கேட்பார்கள். எட்டாம் பருவத்தைக் கண்டேன் என்று சொல்வேன்."

"சார், எனக்கு அந்த முறை..."

"முறைப்படிதான் எல்லாம் நடக்கும்" என்றார் பால்வண்ணநாதன். மணியை அடித்து இசக்கிராஜாவிடம் இரண்டு காபி சொன்னார். காபி நன்றாக இருந்தது. அந்த மையத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சேவை அதுதான்.

எட்டாம் பருவத்துக்குப் பெயர் சூட்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவில் ஐந்து ஆண்கள். பெண் உறுப்பினர் ஒருவர் வேண்டும் என்று யாரோ சொன்னதற்கு, பருவத்தின் பெயர் முடிவாகாமல் எந்தப் பருவத்துப் பெண்ணைப் போடுவது என்று கேட்டு வாயடைத்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்திருந்ததால் முதல் கூட்டம் ஐந்தருவியில் நடந்தது, இரண்டாவது பழைய குற்றாலத்தில். மூன்றாவதைத் தேனருவியில் வைக்க நினைத்தார்கள். மேலே ஏற வனத்துறை அனுமதி தராததால் அது தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போனது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மெஹர் பானு வந்து வெளியே நின்றாள். ஈரத் தலையோடு வெளியே வந்த பால்வண்ணநாதன், "நல்ல முன்னேற்றம்" என்று சொல்லிக்கொண்டே பஜ்ஜிக் கடைப் பக்கம் நடந்தார்.

நாள் நெருங்கியது. சேக் மைதீன் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டதாகச் சொன்னான். பிறகு தயக்கமாகக் கேட்டான். "என்ன பானு, கொரல் ஒரு மாதிரி இருக்கு? வர வேண்டாம்னா சொல்லு, லீவத் தள்ளிப் போட்டுருதேன்."

 வருஷம் முழுக்க வீடியோவில் பார்த்த முகம். "பேசாம வாங்க" என்றாள். "இங்கன ஆபீஸ்ல ஒரு வேலை இழுத்துக்கிட்டு கெடக்கு. அதைச் சரிபண்ணிட்டு நான் பாத்துக்கிடுதேன்." எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

குழு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. எட்டாம் பருவத்தின் பெயர் நிறையிளம்பெண். அதை அறிவிக்க ஒரு விழா. அன்று காலையில் மலையில் பேய்மழை, மூன்று அருவிகளிலும் தடை. ஆகவே கூடம் நிறைந்துவிட்டது. போக்கிடம் இல்லாத சுற்றுலாக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஏழு மேசைகளுக்குப் பக்கத்தில் எட்டாவதாகப் புது மேசை, பூமாலையோடு. அதற்கு நாற்காலி இன்னும் வரவில்லை.

பால்வண்ணநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பெண்ணைக்கூட நாங்கள் தவறான மேசைக்கு அனுப்பியதில்லை. சரியான மேசையில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சிலர் கேட்கிறார்கள். அது மேசையின் வேலை அல்ல. பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று பெண்ணிடமே கேட்கலாமே என்று ஒரு டாக்டரம்மா எனக்குக் கடிதம் எழுதினார். கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால் ஆளுக்கு ஒரு மேசை போட வேண்டும். நாட்டில் அவ்வளவு தேக்கு இல்லை."

கைதட்டல் எழுந்தது. நிறையிளம்பெண் பருவத்தின் முதல் பெண்மணி என்று மெஹர் பானுவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். பொன்னாடை போர்த்தினார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள், ஆறு பேர் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை நீட்டினார்கள்.

மெஹர் பானு கூட்டத்தைப் பார்த்தாள். கூச்சம் வர வேண்டிய இடம்தான். ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"நான் துணி கேட்டு வரல. எனக்கு இன்னொரு பிள்ளை உண்டானா நான் செத்துப்போவேன். அது வராம இருக்க எனக்கு எது ஒத்துக்கிடும்னுதான் கேட்டு வந்தேன். இந்த ஏழு மேசையிலயும் எனக்கு எடம் இல்லைன்னுட்டாவ. எட்டாவது மேசையில யாரு உக்காருவாவன்னு சொன்னா, அவுககிட்டயும் கேட்டுருதேன்."

 பால்வண்ணநாதன் ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கி, "உணர்ச்சிமிக்க நன்றியுரை" என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. சாலையில் போலீஸ் ஜீப் ஒன்று அறிவித்துக்கொண்டே போனது. தண்ணீர் குறைந்துவிட்டது, மெயினருவியில் குளிக்கத் தடை நீக்கப்படுகிறது.

நாற்காலிகள் உரசும் சத்தம்தான் கேட்டது. உமாசங்கர் முதலில் போனார், துண்டு தயாராகக் கழுத்திலேயே இருந்ததால். பேதை, பெதும்பை, மங்கை மூவரும் எண்ணெய்ப் புட்டியை யார் எடுப்பது என்று தர்க்கம் செய்தபடி போனார்கள். சுற்றுலாக்காரர்கள் போனார்கள். தேசியகீதம் பாட வந்த பெண்கள் பாடாமலே போனார்கள். பால்வண்ணநாதன் கடைசி ஆளாக, விழா இனிதே நிறைவுற்றது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார்.

மெஹர் பானு பொன்னாடையோடு மேடையில் நின்றாள்.  இறங்கி வந்து, நாற்காலி இன்னும் வராத எட்டாவது மேசையின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

பின்னறைக் கதவில் ஒரு சின்னப் பெண் நின்றாள். டாக்டர் அபர்ணா. மையத்துக்கு டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே மெஹர் பானுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேசைக்காரர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அவள் நோயாளியைப் பார்க்கலாம் என்பது மையத்தின் விதி. சீட்டு எழுத இப்போது யாரும் இல்லை. தடுக்கவும் யாரும் இல்லை.

"நீங்க அருவிக்குப் போகலையா டாக்டர்?"

"எனக்குச் சைனஸ்" என்றாள் அபர்ணா. "நர்ஸ் மஞ்சுவும் இருக்காங்க. அவங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு பயம்."

"அருவிக்கு எதுக்கு நீச்சல்?"

"அதை நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

மெஹர் பானுவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அபர்ணா கதவைச் சாத்திவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தாள். முன்னால் என்ன முறை வைத்திருந்தாள், என்ன தொந்தரவு வந்தது, மாத்திரை என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாஜிதா பிறந்த பிறகு வைத்த காப்பர் டி-யில் உதிரப்போக்கு நிற்காமல் இருந்ததையும், இப்போது மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவதையும் மெஹர் பானு சொன்னாள். கடைசியாக அபர்ணா கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது.  மெஹர் பானுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பயமில்லாம அவுக பக்கத்துல இருக்கணும்" என்றாள். "அவ்வளவுதான் டாக்டர்."

அபர்ணா தலையாட்டினாள். தினசரி மாத்திரை இந்த வயதுக்கும் அழுத்தத்துக்கும் சேராது, அதை விட்டுவிடலாம் என்றாள். ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆனால் கட்டாயம் இல்லை. கணவர் செய்துகொண்டால் அதைவிடச் சுலபம். உள்ளே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடும் ஹார்மோன் லூப் ஒன்று இருக்கிறது, உதிரப்போக்கையும் குறைக்கும், வருஷக்கணக்கில் தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் வரக்கூடிய தொந்தரவையும் மறைக்காமல் சொன்னாள்.

"அவுகளுக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துரும்" என்றாள் மெஹர் பானு. கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த லூப்பே வைங்க."

"கர்ப்பம் இல்லைன்னு உறுதியா தெரியணும்."

"அவுக போய் வருஷமாவுது டாக்டர். என்னளவுக்கு உறுதியா இந்தத் தென்காசியில எவளும் சொல்ல முடியாது."

மஞ்சு அலமாரியைத் திறந்தாள். லூப் பெட்டிகள் கட்டுப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. எந்தப் பருவத்துக்கு என்று முடிவாகாததால் அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. அதன் மேல் இயக்குநரின் நல்லெண்ணெய்ப் புட்டி இருந்தது. மஞ்சு அதை ஓரமாக எடுத்து வைத்தாள்.

குளிக்கப் போனவர்கள் ஒரு முறை தலை துவட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு வாரம் மட்டும் கூடுதல் கவனம் போதும் என்றாள் அபர்ணா. சேக் மைதீன் வர அதற்கு மேலேயே நாள் இருந்தது. வெளியே வந்தபோது வாசலில் கடையத்துப் பெண் இரண்டு பிள்ளைகளோடு மறுபடியும் நின்றுகொண்டிருந்தாள். காலையில் அருவியில் தடை என்று கேட்டு, ஆள் இருப்பார்கள் என்று வந்திருக்கிறாள்.

"தடை எடுத்துட்டானாமே அக்கா, ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாவளே" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

"யாரும் இல்ல" என்றாள் மெஹர் பானு. "அதான் சொல்லுதேன், சீக்கிரம் உள்ள போ. மழை வந்துச்சுன்னா எல்லாரும் திரும்பி வந்துருவாவ."